போயா தையல்: இன்னும் 11 வீடுகளுக்குத் துணி வேண்டும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம். விட்டுவந்த நம்முடைய ஊரை ஒரு பெரிய துணிப் படமாகத் தைக்கிறோம், அதில் 11 வீட்டுக்கு இன்னும் துணி வரவில்லை. அதற்கு முதல் எங்கள் தையலைப் பற்றிக் கொஞ்சம்.

போயா நாட்களில், அதாவது பௌர்ணமி விடுமுறைகளில், கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கூடித் தைக்கிறோம் என்று ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணை போன மாதம் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதைப் படித்த சிட்னி மாமி ஒருவர், "கொழும்பு வெக்கையில் போர்வை யாருக்கடி?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். போர்வை எங்களுக்கில்லை மாமி, உங்களுக்கு. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பிறக்கிற நம்முடைய பேரப்பிள்ளைகளுக்கு. இங்கே நாங்கள் மின்விசிறியை ஐந்தில் விட்டு, பஞ்சு வைத்த துணியை மடியில் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகத் தைக்கிறோம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இதை 'குவில்ட்' என்கிறார்கள். எங்கள் வாயில் அது ஒட்டுப் போர்வை.

போயாவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், வேலைக்குப் போகிறவர்களுக்கும் அன்று விடுமுறை. ஒரே கரைச்சல், துணியும் நூலும் வாங்குகிற புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். நூல் தீர்ந்தால் அன்றைய வேலையும் தீர்ந்தது.

மெசின் இரண்டு இருக்கிறது. ஒன்று புதிது, மின்சாரத்தில் ஓடுவது. மற்றது கையால் சுற்றுகிற பழைய கறுப்புச் சிங்கர். 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் மேசையை வீட்டோடு விட்டுவிட்டு, தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தது. சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்ததே 1877இல். எங்களுடையது அவ்வளவு கிழடில்லை, ஆனால் புதிய மெசின் தடித்த மடிப்பில் சிக்கித் திணறும்போது இதுதான் தள்ளிக்கொண்டு போகிறது.

குழந்தைப் போர்வைக்கு ஒன்பது கட்டம்தான் எங்கள் மாதிரி. இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதைப் பொருத்தினால், தையலுக்குப் போக ஆறு அங்குலக் கட்டம் ஒன்று வரும். 36க்கு 42 அங்குலப் போர்வைக்கு அப்படி 42 கட்டம், அதாவது 378 சதுரம். தையலுக்கு விடுவது கால் அங்குலம், அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை. முதல் போர்வையில் ஆளுக்கொரு கால் அங்குலம் வைத்தோம்! குறுக்கே 18 சதுரம் என்றால் 17 தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் பதினாறில் ஒரு அங்குலம் கூடப் பிடித்தால், கடைசியில் அகலம் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். குறைந்தது. இப்போது மெசின் தட்டில் பிளாஸ்டர் ஒட்டி அளவு குறித்திருக்கிறோம். ஊரில் சட்டை தைத்தே வீட்டை நடத்திய அக்காவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. தன் கண்ணே போதும் என்கிறார். அவருக்குப் போதும், எங்களுக்குப் போதாது.

துணி பாதி, ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற வெட்டுத் துண்டுகள். புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் வாங்கலாம். அதில் எது பருத்தி, எது பொலியெஸ்டர் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்ப்போம். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் குண்டுமணி போல் இறுகும். இழுபடுகிற துணியை எடுக்கவே மாட்டோம். அப்படியும் ஒரு முறை மாட்டிக்கொண்டோம். முதியோர் இல்லம் ஒன்றுக்கு, மார்கழிப் பனிக்கென்று, பஞ்சில்லாமல் பழைய வேட்டிகளை அடுக்கி நூலோட்டி மெல்லிய போர்வைகள் தைத்தோம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தைப்பார்களே, அந்த மாதிரி. கரைக்கு வைத்த சிவப்புத் துணி முதல் தோய்ச்சலிலேயே சாயம் விட்டு வேட்டி முழுக்க ரோசா நிறம். இல்லத்து ஆச்சி ஒருவர் "வடிவாத்தானே இருக்கு" என்று அதையே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு எந்தத் துணியையும் வெந்நீரில் வெள்ளைத் துணியோடு ஊறவைத்துப் பார்க்காமல் வெட்டுவதில்லை.

சரி, இனி ஊர்ப் படத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

சுவரில் தொங்கவிட ஒரு பெரிய ஒட்டுத் துணி: நடுவில் கேணியும் கோயிலும், சந்தியில் வாசிகசாலை, ஒழுங்கைகளுக்குச் சாம்பல் நிறச் சேலைக்கரை, வடலிக்கு, அதாவது இளம் பனைக்கு, பச்சை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு, அந்த வீட்டாரே உடுத்த துணியில். 64 வீடு கணக்கு வந்தது. பேசும்போது சுகமாக இருந்தது. வரைபடத்தைக் கீறத் தொடங்கினதும் வேலிச் சண்டை! முப்பது வருடத்துக்கு முன்பு விட்டுவந்த எல்லையை, கொழும்புத் தொடர்மாடியின் எட்டாம் தட்டில், அரை அங்குலத் துணிக்காகப் பிடித்தார்கள். "உங்கட கதியால் எங்கட பக்கம் சரிஞ்சுதான் நிண்டது" என்று ஒரு அன்ரி சொல்ல, மற்ற அன்ரி ஊசியை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். கிணறு பங்குக் கிணறா இல்லையா என்று பாரிசுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். பங்குக் கிணறுதான். இரண்டு துண்டும் சந்திக்கிற தையலின் மேல் வட்டமாக வைத்துவிட்டோம். இரண்டு அன்ரிமாரும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் தைக்கிறார்கள், கதைப்பதுதான் குறைவு.

அடுத்தது கூறை. லண்டனிலிருந்து ஒரு தங்கச்சி, காலமான தன் அம்மாவின் கூறைச் சேலையை அப்படியே அனுப்பியிருந்தார். 1971இல் கட்டினது. மூன்று போயாவாக அதில் கத்தரிக்கோல் வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அதை வெட்டக்கூடாது என்பதுதான் என் கட்சியும். தங்கச்சியோ, பெட்டிக்குள் இருந்து மடிப்பு மடிப்பாகக் கிழியிறதைவிட ஊரில் இருக்கட்டும் அக்கா என்றார். கடைசியில் இடுப்பில் செருகுகிற உள்முனையில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சாண் மட்டும் எடுத்தோம். பட்டு நுனி பிரிந்துகொண்டே வரும். அதனால் பின்னால் பசைத்துணி வைத்து அயன் பண்ணித்தான் வெட்டினோம். மிச்சச் சேலை மடித்துப் பத்திரமாக இருக்கிறது தங்கச்சி, வரும்போது கொண்டுபோங்கள்.

இப்போது 53 வீடு நிறைந்துவிட்டது. 11 வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. சில வீட்டார் எந்த நாட்டில் என்றே தெரியாது. சில வீட்டில் அனுப்புவதற்கு ஆளே இல்லை. இல்லாதவர்களின் பெயரை எழுதித் தைக்கலாமே, அமெரிக்காவில் 1987இல் வாஷிங்டன் புல்வெளியில் எயிட்ஸில் இறந்தவர்களுக்கு அப்படித்தான் ஆளுக்கொரு துண்டு தைத்து விரித்தார்கள் என்று ரொறன்ரோப் பிள்ளை ஒன்று சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் எழுதத் தொடங்கினால் எந்த வீட்டில் நிறுத்துவது? இப்போதைக்கு அந்த இடங்களில் சாயம் போடாத காடாத்துணியை இளக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறோம். துணி வந்தால் பிரித்து மாற்றலாம்.

ஆகவே, அந்த வீட்டாரோடு உறவோ கொண்டாட்டமோ இருந்தவர்கள் பெட்டிகளைக் கிளறிப் பாருங்கள். உள்ளங்கையளவு போதும். ஒரு கைக்குட்டை, அவர்கள் தந்த சட்டை, யன்னல் சீலை, எதுவானாலும் சரி. தோய்த்து, எந்த வீட்டினது என்று எழுதி, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடுங்கள். வாசனை மட்டும் அடிக்க வேண்டாம், கறை பிடிக்கிறது.

இன்னொன்று. கேணிக்குக் கிழக்கே, புளியமரத்தடி வீட்டின் வேலியில் எப்போதும் ஒரு பச்சைச் சேலை காயும் என்று எங்கள் சட்டை தைக்கிற அக்கா சொன்னார். புறக்கோட்டைக் கெய்சர் வீதியில் மூன்று தடவை பச்சை வாங்கிவந்து காட்டினோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது இல்லை, இதுவும் இல்லை என்கிறார். அந்த வீட்டுக்காரர் நிற்கிற கலர்ப் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கொண்டாட்டப் படத்தில் பின்னால் வேலி தெரிந்தாலும் போதும்.