அபர்வத் முகட்டில் கேட்ட 'தொம்'

காஷ்மீரின் குல்மர்க்கில் பனிச்சறுக்குக்குப் போயிருந்தோம். அங்கே கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. நேர் கீழே உள்ள சரிவைக் காவல் குழு கண்காணிக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி அபர்வத் மலையின் பக்கப் பள்ளங்களில் சறுக்கி இறங்கினால் பொறுப்பு நம்முடையது. பிப்ரவரியில் விடாமல் பனி கொட்டி ஓய்ந்து, வானம் பளிச்சென்று வெளுத்திருந்த காலை. எல்லாருக்கும் கால் பரபரத்தது. தங்மர்க்கைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டி மட்டும் அவசரப்படவில்லை.

முகட்டை ஒட்டி நடக்கையில் காலடியில் 'தொம்' என்றது. சுற்றியிருந்த பனி முழுவதும் சற்றே உட்கார்ந்ததை உடம்பு உணர்ந்தது. வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். பனி ஆழம் குறைந்த, லேசான சரிவுள்ள இடமாகப் பார்த்துத் தரைவரை குழி வெட்டினார். மேலே காற்று அடித்து இறுக்கிய பனிப்பலகை, விரல் நுழையவில்லை. அடியில் அஸ்கா சர்க்கரையைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள். அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தன. 30 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தூண் ஒன்றை அறுத்து, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு; எந்தத் தட்டில் பனி உடைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. முழங்கைத் தட்டு தொடங்கியதுமே பலகை அப்படியே நழுவி அவர் மடியில் விழுந்தது.

அந்த மணிகள் புதுப்பனி அல்ல. பருவத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, தரையின் கதகதப்புக்கும் வெட்டவெளி இரவின் கடுங்குளிருக்கும் நடுவே கிடந்து உருமாறியது. பிறகு விழும் பனியெல்லாம் அதன் தலையில் ஏறும் சுமைதான். 30 முதல் 45 டிகிரி சரிவில் ஓர் ஆளின் எடை போதும், மொத்தமும் பனிச்சரிவாகக் கிளம்பிவிடும். 2023 பிப்ரவரியில் இதே அபர்வத்தில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர்.

"இவ்வளவு செலவு செய்து வந்தோமே" என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். வழிகாட்டி வாதாடவில்லை. வந்த வழியே திருப்பி, 25 டிகிரிக்கு உட்பட்ட சரிவுகளில் எங்களை இறக்கினார். அந்த மனிதர்மேல் எனக்குள்ள மரியாதை சொல்லி மாளாது.

*

உங்கள் அபர்வத் அனுபவத்தைப் படித்தேன், தம்பி. ராணுவத்தில் பனிமலைப் பணி பார்த்தவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் இருந்த ராணுவத்தினர் 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஆறாம் நாள் அவர்களில் ஹனுமந்தப்பா என்ற வீரர் உயிரோடு கிடைத்ததை மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரும் சில நாளில் இறந்துபோனார். அந்த அதிசயத்தை நம்பி யாரும் மலையேறக் கூடாது. புதைந்தவருக்கு முதல் கால் மணி நேரம்தான் நல்ல வாய்ப்பு. அதற்குள் தோண்டி எடுக்கக் கூடியவர்கள் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிகள் மட்டுமே. ஆகவே புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். செல்பேசியைக் கருவிக்கு அருகில் வைக்காதீர்கள். தேடும்போது அரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி தப்பான திசையைக் காட்டும்.