தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேய்க்கதை: ஊரை எப்படி அடைத்துவைப்பது?

லைன்வீடு_7 (கேள்வி)
நூறு பக்கத்துக்குள் ஒரு குறுநாவல். களம் நெல்லை மலையில் மாஞ்சோலை மாதிரி ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளிகள் இருக்கும் நாற்பது லைன் வீடு. சுடலைமாடன் கொடையில் (கோயில் திருவிழா) சாமத்தில் சுடுகாட்டுப் பக்கம் வேட்டைக்குப் போன கோமரத்தாடி (சாமியாடி) திரும்பி வருகிறார். வந்தது அவரில்லை. மண்சரிவு, பாலம் உடைந்தது, சிக்னல் இல்லை என்று எதை எழுதினாலும் ஏற்கெனவே படித்த மாதிரி இருக்கிறது. "இறங்கிப் போக வேண்டியதுதானே?" என்று வாசகர் கேட்காதபடி மூன்று ராத்திரி ஊரை அடைக்க என்ன வழி?

கொழுந்துக்கூடை
மண்சரிவை விடுங்கள், கொடைக்குப் பந்தல்கால் நடுகிற கால்நாட்டு இருக்கிறதே! கால் நாட்டிக் காப்புக் கட்டியாச்சென்றால் எல்லை தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாது. நாள் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், எட்டு நாள் வைத்துக்கொள்ளலாம். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. மலையில் என்றால் அடிவாரத்து மணிமுத்தாறுக்கு இறங்கி ஏறவே பகல் போய்விடும், திரும்புகிற பஸ்ஸை விட்டால் காப்பு முறிந்த கணக்கு. யாரும் பூட்டுப் போடவில்லை, அவர்களாகவே உள்ளே கிடக்கிறார்கள்.

முதல் அத்தியாயத்திலேயே ஒருவன் மீறட்டும். அவனுக்கு ஒன்றும் ஆக வேண்டாம், கீழே சுகமாகத் தூங்கட்டும். மேலே அவன் வீட்டு நடையில் காலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள்.

காலத்தை 1995-க்கு முன்னால் வைத்தால் செல்போன் தொல்லையே இல்லை. 1999 பக்கம் போகாதீர்கள். அந்த ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பி ஓடித் தாமிரபரணியில் போன 17 உயிர்களைப் பேய்க்கதைக்கு அலங்காரமாக்கினால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

மந்த_மகுடம்
கொடையின் வரிசை பிசகினால் நெல்லைக்காரர் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். முதலில் சாமியை அழைக்கிற குடியழைப்பு, பிறகு மதியக்கொடை, சாமக்கொடை. வேட்டை சாமக்கொடையில்தான். சாமி கதையைப் பாடி ஆடுகிற கணியான் கூத்து வைத்தால் அண்ணாவி (தலைமைப் பாடகர்) பாட, பெண் வேடத்தில் இரண்டு பேர் ஆட, உச்சம் மந்தம் என்று இரண்டு மகுடம் (தோல்மேளம்). பறை, உறுமி என்று கலந்துகட்டி எழுதுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

மலையில் இன்னொன்று உண்டு. பனி இறங்கினால் மகுடத்தோல் தொய்ந்துவிடும், ஓலையைக் கொளுத்திக் காய்ச்சிக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். காய்ச்சுகிற அந்த இடைவெளியில் மகுடம் ஓய்ந்திருக்கும். உங்கள் பயம் வரவேண்டிய இடம் அது. கொட்டு ஓங்கும்போது பயமுறுத்துவதை எல்லாரும் செய்கிறார்கள்.

மூலகாரணம் வேண்டுமென்றால் பிடிமண். தோட்டத்துக்குப் பஞ்சம் பிழைக்க ஏறியவர்கள் சொந்த ஊர்க் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து இங்கே பீடம் போட்டார்கள். எடுத்தவன் எந்த இடத்து மண்ணை அள்ளினான்? மாஞ்சோலைப் பக்கம் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து தோட்டக் கம்பெனிக்கு 8,373 ஏக்கர் 1929-இல் 99 வருஷக் குத்தகைக்குப் போனது. நிலத்துக்குத் தவணை உண்டு. மண்ணோடு வந்ததுக்கும் ஒரு தவணை பேசியிருந்தால்?

லைன்வீடு_7
பிடிமண்ணை எடுத்துக்கொள்கிறேன். மழை, மூடுபனி வேண்டாமென்றால் சூழலுக்கு வேறு என்ன?

கொழுந்துக்கூடை
ஃபேக்டரி. பறித்த கொழுந்தை வாடல் தொட்டியில் பரப்பினால் ராத்திரி முழுக்க விசிறி ஓடும். லைனில் இருப்பவர்களுக்கு அந்த இரைச்சல் காதிலேயே விழாது, நின்றால்தான் விழிப்பார்கள். கோமரத்தாடி திரும்புகிற நிமிஷத்தில் விசிறியை நிறுத்துங்கள். காற்றுப் படாத கொழுந்து சூடேறிச் சிவந்து நாறும், அதனால் யாராவது ஒருவர் இருட்டில் ஃபேக்டரிக்குப் போயே ஆக வேண்டும். "ஏன் தனியாகப் போனான்?" என்ற கேள்வியும் அதோடு தீர்ந்தது.

கைவிட்ட காட்டையும் விடாதீர்கள். தேயிலை செடியே இல்லை, மரம். கவாத்து (கிளை வெட்டுவது) நின்றால் சில வருஷத்தில் ஆள் உயரம் தாண்டும். நிரை மட்டும் அப்படியே இருக்கும், நடுவே நடந்தால் பக்கத்து நிரையில் நடப்பவரின் கால் மட்டும் தெரியும்.

மந்த_மகுடம்
வேட்டைக்கு ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். கோமரத்தாடி தனியாகத்தான் போவார், எதிரே ஆள் வரக்கூடாது, கதவெல்லாம் சாத்தியிருக்கும். கையில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தம். எண்ணெய் விட ஆள் இல்லாவிட்டால் அரைமணி நேரம் நின்றாலே அதிகம். உங்கள் ஆள் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. ஜன்னல் இடுக்கில் பார்க்கிற சிறுவனுக்கு முகம் தெரிய வேண்டாம். பந்தம் போனபோது எரிந்த அளவிலேயே எரிந்துகொண்டு வருகிறது, துணி கருகவே இல்லை. அது போதும்.