சிமுலேஷனில் அலகு கழுத்தறுத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

வக்குவா_வாசி
சர்க்கரை ஆலை ஒன்றில் பெரிய மின்விசிறி உட்காரும் இரும்பு மேடை. அதன் இயல்பு அதிர்வெண்ணை அபாகஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் பார்க்க வேண்டும். மாடல் நாங்கள் போட்டதில்லை, முன்பு இருந்தவர் விட்டுப்போனது. அலகுகள் மிமீ, நியூட்டன், மெகாபாஸ்கல். உங்களுக்குத் தெரிந்ததுதான், அபாகஸ் அலகே கேட்காது.

ஓட்டினால் 0.6 ஹெர்ட்ஸ். கைக்கணக்கில் 19. மெஷ்ஷை மாற்று, போல்ட்டைப் பார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வந்த மூத்த இன்ஜினியர் திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த கால்குலேட்டரில் 19-ஐ 0.6-ஆல் வகுத்தார். 31-க்கு மேல் ஏதோ வந்தது. "ஆயிரத்துக்கு வர்க்கமூலம். அடர்த்தியைப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதேதான். மிமீயும் நியூட்டனும் போட்டால் நிறை டன்னில் போக வேண்டும். இரும்பின் அடர்த்தி கன மிமீக்கு டன் கணக்கில் 7.85 × 10⁻⁹ இருக்க வேண்டிய இடத்தில் கிலோ கணக்கில் 7.85 × 10⁻⁶.

இன்னும் உறுத்துவது வேறு. மாடலை விட்டுப்போன அந்த மனிதர் புவியீர்ப்புக்கு மிமீ கணக்கில் 9810 போடாமல் மீட்டர் கணக்கில் 9.81 போட்டிருந்தார். கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன்தானே, அதனால் சுயஎடை, வளைவு, தகைவு எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. அதிர்வு என்று வந்தபோதுதான் குட்டு உடைந்தது. இதிலிருந்து நகலெடுத்த மாடல்கள் அந்த ஃபோல்டரில் இன்னும் எத்தனை கிடக்கின்றனவோ.

ரோஸ்ஹில்_காற்று
எனக்குக் கமா. மொரிஷியஸுக்குப் பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்து ஒரு சிஎஸ்வி ஃபைல் வந்தது. பிரெஞ்சு செட்டிங், புள்ளிக்குப் பதில் கமா. காற்றின் அடர்த்தி 1,225 என்று இருந்ததை எங்கள் மெஷின் ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து என்று எடுத்துக்கொண்டது. தண்ணீரைவிடக் கனமான காற்று! கூரையில் இருந்த சூரியத் தகடு படத்தில் காய்ந்த வாழையிலை போலச் சுருண்டது.

வாடிக்கையாளர் பக்கத்து ஆள், "சூறாவளிக்கு இவ்வளவு சுமை வருமா?" என்றார். எங்களில் ஒருவர் அசராமல், "1975 ஜெர்வேஸ் சூறாவளியில் 280 கிமீ அடித்ததே சார்" என்றார். அந்த ஆளும் தலையாட்டினார். 280-க்கே மூன்றரை கிலோபாஸ்கல் சொச்சம்தான் வரும். அந்தத் தலையாட்டல்தான் மறக்கவில்லை.

ஃபோம்_பிரியன்
@வக்குவா_வாசி அபாகஸைக் கட்டிக்கொண்டு அழுதால் இப்படித்தான். ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில் ஒவ்வொரு அளவுக்கும் நிறை, நீளம், நேரம் என்று ஏழு எண் கொண்ட பரிமாண வரிசை உண்டு. வேகத்தோடு அழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், அங்கேயே நின்றுவிடும். இந்தக் கதைக்கே இடமில்லை.

போர்ட்லூயி_நீர்
@ஃபோம்_பிரியன் இடம் இருக்கிறது ஐயா. பரிமாண வரிசை பார்ப்பது "இது அடர்த்தியா" என்பதை மட்டும்தான். எண் ஆயிரம் மடங்கு தப்பு என்றால் அதற்கு எப்படித் தெரியும்? உங்கள் ஓப்பன்ஃபோமிலேயே அமுக்க முடியாத ஓட்டத்துக்கான சால்வர்களில் (கணக்குப் போடும் நிரல்களில்) அழுத்தம் என்று வருவது அடர்த்தியால் வகுத்த அழுத்தம். தண்ணீர்க் குழாய் ஒன்றின் அறிக்கையில் அந்த எண்ணை அப்படியே தூக்கி, வண்ணப்பட்டைக்குக் கீழே "பாஸ்கல்" என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். ஆயிரம் மடங்கு குறைவு, படம் மட்டும் அழகோ அழகு.

@ரோஸ்ஹில்_காற்று அந்த 280 ஒரு கண வீச்சு. ரியூனியன் சூறாவளி மையம் புயலின் வலுவைச் சொல்வது 10 நிமிடச் சராசரியில். இரண்டும் கிலோமீட்டர்தான். அதைத் தூக்கி இதில் போட்டால் எந்த மென்பொருளும் முனகாது.

சித்தப்பா_குவாத்ர்போர்ன்
நான் பார்த்தது சின்ன விஷயம். வெள்ளநீர் மாடலில் அர்ப்பாங் என்ற மொரிஷியஸ் நில அளவுக் கணக்கில் இருந்த நிலத்தை ஏக்கர் என்று போட்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: புது மாடல் கையில் வந்ததும் ஒரு கிலோ கட்டி ஒன்றைத் தரையில் வைத்து ஓட்டுங்கள். எதிர்விசை 9.81 நியூட்டன் வருகிறதா? அதோடு விடாமல் அதே கட்டியை ஒரு சுருளில் தொங்கவிட்டு அதிர்வெண்ணும் பாருங்கள், வக்குவாக்காரர் கதையில் முதல் சோதனை தேறிவிடும், இரண்டாவதுதான் பிடிக்கும். வெப்பக் கதிர்வீச்சு இருந்தால் கெல்வின் தவிர வேறெதையும் தொடாதீர்கள், வெப்பநிலையின் நான்காம் அடுக்கு சும்மா விடாது. மழையை மணிக்கு மிமீயிலிருந்து நொடிக்கு மீட்டருக்கு மாற்றும்போது 36 லட்சத்தால் வகுக்க வேண்டும், இதை மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பைதானில் பின்ட் என்று ஒரு நூலகம் இருக்கிறது, எண்ணோடு அலகையும் ஒட்டியே கொண்டுபோகும். மோட்டார் வேகம் நிமிடச் சுற்றா, நொடிக்கு ரேடியனா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். அப்புறம் ஃபைல் பெயரிலேயே அலகை எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வக்குவா_வாசி
சித்தப்பா, யோசனை கேட்கவில்லை, கதைதான் கேட்டேன். அந்த அர்ப்பாங் விஷயத்தை முழுசாகச் சொல்லுங்கள். நில அளவைத் தாளில் பேர்ஷ் என்று போட்டிருக்குமே?

சித்தப்பா_குவாத்ர்போர்ன்
போட்டிருந்தது. 100 பேர்ஷ் ஒரு அர்ப்பாங், 4221 சதுர மீட்டர். ஏக்கர் 4047. நாலு சதவீதம் சொச்சம்தான் வித்தியாசம். திருத்தி ஓட்டியும் குழாய் மாறவில்லை, கடையில் கிடைக்கிற அடுத்த சைஸ் அதற்கும் போதுமானதாக இருந்தது. மாடலை மட்டும் திருத்தினார்கள். அறிக்கையில் இன்னும் ஏக்கர்தான் இருக்கிறது.