மல்லிச் செடி நாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தா?

கேட்டவர்: நிலாமுற்றம்

பால்கனியில ரெண்டு தொட்டி இருக்கு. ரெண்டும் மல்லின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஒண்ணுல குண்டு குண்டா வெள்ளைப் பூ. இன்னொண்ணு ராத்திரியில மட்டும் விரியும், வீடே மணக்கும். நாய்க்குட்டி முதல் தொட்டி இலையைக் கடிச்சுத் துப்புது. ஒன்றரை வயசுப் பொண்ணு கீழே விழுற பூவையெல்லாம் வாயில வைக்கிறா. மல்லி விஷம்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார், இல்லவே இல்லன்னு இன்னொருத்தர். யாரை நம்புறது?

செடிப்பித்தன்:

முதல் தொட்டியைப் பத்திக் கவலையே வேண்டாங்க. குண்டுமல்லி, முல்லை, பிச்சி எல்லாம் ஜாஸ்மினம் பேரினம். அமெரிக்காவோட ஏஎஸ்பிசிஏங்கிற விலங்கு நல அமைப்பு நாய், பூனை, குதிரை மூணுக்குமே இதை நஞ்சில்லாத செடின்னுதான் பட்டியல் போட்டிருக்கு. நிறையத் தின்னா வாந்தி எடுக்கலாம். எந்த இலையைத் தின்னாலும் அப்படித்தான்.

எனக்குப் பயமெல்லாம் ரெண்டாவது தொட்டி மேலதான். பூவை உத்துப் பாருங்க. ஒல்லியான குழல், பச்சை கலந்த வெள்ளை, நுனியில சின்னச் சின்னக் கூர் இதழா? இலை ஜோடியா எதிரெதிரே இல்லாம, ஒண்ணு விட்டு ஒண்ணு மாறி மாறி வருதா? அப்படின்னா அது இரவு ராணி, செஸ்ட்ரம். மல்லிக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. கத்தரி, ஊமத்தை குடும்பம். எல்லாப் பாகமும் நஞ்சு, காய் ரொம்பவே. பகல்ல பூக்கிற அதோட இனம் ஒண்ணு இருக்கு. அதை மேஞ்ச மாடு, குதிரைக்கு ரத்தத்துல கால்சியம் ஏறி, ரத்தக்குழாய் சுவரெல்லாம் சுண்ணாம்பு படிஞ்சுபோகும்.

மஞ்சள் பூ விடுற கரோலினா ஜாஸ்மினும் இப்படித்தான், பேருல மட்டும் ஜாஸ்மின். தேனை உறிஞ்சினாக்கூடக் குழந்தைக்கு ஆபத்து.

பச்சைக்கிளி:

ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். செடி நல்லதா இருந்தாலும் அதுல அடிச்ச மருந்து நல்லதில்ல. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிச்ச தொட்டியை நாயும் குழந்தையும் எட்டாத இடத்துல வைங்க. புதுசா வாங்கின செடின்னா, என்ன அடிச்சாங்கன்னு கேட்டுடுங்க.

நிலாமுற்றம்:

பார்த்தேன், இலை மாறி மாறித்தான் வருது. கொத்துக் கொத்தா வெள்ளைக் காய் வேற! இப்ப என்ன பண்றது?

செடிப்பித்தன்:

இரவு ராணியேதான். பாப்பா தவழுற வீட்டுல அது வேண்டாங்க, இன்னைக்கே எடுத்துடுங்க. கீழே உதிர்ந்த காயையும் ஒண்ணு விடாம பொறுக்கிடுங்க. நாயோ குழந்தையோ ஏற்கெனவே கடிச்சிருந்தா எச்சில் வடியும், வாந்தி வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், தள்ளாடும். அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, அதுவே தனி ஆபத்து. காயோட ஒரு கொப்பை ஒடிச்சுக் கையில எடுத்துக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க. என்ன செடின்னு கண்ணால பார்த்தா அவர் உடனே வேலையை ஆரம்பிப்பார்.