புதுப்பிப்பு: எங்கள் காக்கர் ஸ்பானியல் நாயின் காது

மூன்று வாரத்துக்கு முன்பு, எங்கள் காக்கர் ஸ்பானியல் ஓயாமல் தலையை உதறுகிறாள், காதில் புளித்த வாடை வருகிறது என்று எழுதியிருந்தேன். உடனே டாக்டரிடம் காட்டச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டாக்டர் காது அழுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை) தொற்று என்றார். தொங்கும் காது மடல் துவாரத்தை மூடிக்கொள்வதால் காற்றுப் போகாமல் உள்ளே ஈரம் தங்கிவிடுகிறது. ஸ்பானியல்களுக்கு இது அடிக்கடி வருமாம். செவிப்பறை கிழியவில்லை என்று உறுதி செய்த பிறகே சொட்டு மருந்து கொடுத்தார்.

சுத்தம் செய்வதில்தான் தப்புப் பண்ணியிருக்கிறேன். பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். இப்போது காது மடலைத் தூக்கிப் பிடித்து, காது கழுவும் மருந்தை விட்டு, அடிப்பகுதியைச் சளக் சளக்கென்று சத்தம் வரும்வரை மெல்லப் பிசைகிறேன். கையை எடுத்ததும் அவளே ஒரு உதறு உதறுவாள். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும்.

காது நனையாமலிருக்க, வாய் குறுகிய ஆழமான தண்ணீர்க் கிண்ணம் வாங்கினோம். குளித்ததும் காதைத் துவட்டுவது மகளின் பொறுப்பு.

வாடை போய்விட்டது. நேற்று காதைத் தொட்டபோது ஓடாமல் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் மறுபடி காட்ட வேண்டும். அதுவரை மருந்தை நிறுத்தப் போவதில்லை.