மலை இறங்கிய மறுநாள் தொடைவலியும் ரெக்கவரி கேப்சூலும்: உங்கள் அனுபவம்?

கோரிமேடு ஓட்டப் பயிற்சியாளர்:

ஏற்காடு ரோட்டில் ஓடுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். தசைவலி சீக்கிரம் ஆறும் என்று சொல்லி மஞ்சள், நெல்லி என்று விற்கிற ஆன்டி ஆக்சிடன்ட் கேப்சூல்களோடு உங்களுக்கு என்ன அனுபவம் என்று எழுதுங்கள். முதலில் நான்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது மூச்சுதான் வாங்கும். தொடை பின்னியெடுப்பது இறங்கிய பிறகு. சரிவில் ஒவ்வொரு எட்டுக்கும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குவதால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் வருகிறது. அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கும்.

என்னிடம் வரும் தம்பி ஒருவன் இந்த வலிக்காக குர்குமின் (மஞ்சளில் உள்ள மஞ்சள் நிறப் பொருள்) கேப்சூலும் விட்டமின் சி, ஈ மாத்திரையும் வாங்கி வந்தான். "ஃப்ரீ ராடிக்கலை அழிச்சிடுமாம் சார்" என்றான். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உருவாகி செல்களைத் தாக்கக்கூடிய பொருள்தான் ஃப்ரீ ராடிக்கல், அதை அடக்குவது ஆன்டி ஆக்சிடன்ட். அழிப்பதில்தான் சிக்கல். பயிற்சியில் உருவாகும் அந்த ஃப்ரீ ராடிக்கல்கள்தான் தசை தன்னைப் பலப்படுத்திக்கொள்ளத் தூண்டும் சமிக்ஞைகளில் ஒன்று. நார்வேயில் 11 வாரம் பயிற்சி எடுத்தவர்களில் ஒரு குழுவுக்குத் தினமும் விட்டமின் சி 1000 மி.கி., ஈ 235 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2014-ல் வெளியானது. ஓடும் திறன் இரு குழுவிலும் கூடியது. ஆனால் தசையில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பு) பெருகுவதன் அடையாளங்கள் மாத்திரைக் குழுவில் மட்டுப்பட்டிருந்தன. அதற்காகவா இவ்வளவு வியர்வை?

அவன் அப்பா வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்கிறவர். அந்த டப்பா காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்கச் சொன்னேன்.

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:

நல்ல கேள்வி சார். நான் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

குர்குமின் உடம்பில் லேசில் சேராது. அதனால்தான் பல கேப்சூல்களில் மிளகின் பைபரினைச் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வில், பைபரினோடு கொடுத்தபோது ரத்தத்தில் கிடைத்த குர்குமின் 2000 சதவீதம் கூடியது. விற்கிறவர்கள் இதை மட்டும் சொல்வார்கள். மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையை பைபரின் மந்தமாக்குகிறது, அதனால்தான் இந்தப் பலன். அதே காரணத்தால் நாம் சாப்பிடும் வேறு மருந்தும் அளவுக்கு மீறித் தங்கிவிடலாம்.

காலையில் ஓடிவிட்டு வியர்வை காயாமல் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் இந்தக் கேப்சூலைக் கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். "அண்ணே, டாக்டர்கிட்ட கேட்காம இதைத் தொடாதீங்க" என்று திருப்பி அனுப்பினேன். வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். பாலில் போடுவதும் கேப்சூலும் ஒன்றல்ல.

ஏற்காட்டு அம்மா:

என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள், மாநில அளவில். யாரோ கொடுத்தார்கள் என்று மூலிகைப் பொடி ஒன்றைக் கொண்டுவந்தாள். லேபிளில் செடிகளின் பெயர் மட்டும், அளவே இல்லை. நான் விடவில்லை. ஹிகினமைன் என்பது செடிகளிலேயே இருக்கும் பொருள். ஊக்கமருந்துத் தடை அமைப்பான வாடா 2017-ஆம் ஆண்டுப் பட்டியல் முதல் அதைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் பொறுப்பு வீராங்கனையுடையதுதான். பிள்ளையின் பல வருட உழைப்பு ஒரு ஸ்பூன் பொடியில் போய்விடக் கூடாது.

செர்ரி ஜூஸ் நல்லது என்கிறார்களே, உண்மையா சார்? நாவல் பழம் கொடுத்தால் போதுமா?

கோரிமேடு ஓட்டப் பயிற்சியாளர்:

அம்மா, செர்ரிக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2010-ல் வெளியான ஆய்வில், லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரில் புளிப்புச் செர்ரி ஜூஸ் குடித்தவர்களுக்குத் தசை பலம் சீக்கிரம் திரும்பியது. சிறிய ஆய்வுதான். 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆன்டி ஆக்சிடன்ட் சப்ளிமெண்டால் வலி குறைந்த அளவு ஓடுகிறவர் உணரக்கூடியதாக இல்லை. நாவல் பழத்தின் ஊதா நிறமும் செர்ரியில் உள்ள ஆந்தோசயனின் வகைதான். பழமாகத் தாராளமாகக் கொடுங்கள், வலிக்கு மருந்தாக நினைத்து வேண்டாம்.

வலியைக் குறைக்க நான் நம்புவது மலையைத்தான். ஒருமுறை அளவாக இறங்கிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சரிவில் அவ்வளவு சேதப்படாது. தம்பியை முதலில் ஐந்து வளைவு மட்டும் இறங்கவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பத்து. இப்போது மறுநாளே மைதானத்துக்கு வந்துவிடுகிறான்.