சந்தேகம்: 1944 வில்லிஸ் ஜீப்பில் கொழுக்குமலை செல்ல வேண்டும், இறக்கத்தில் லோ கியர் தானாகக் கழன்றுவிடுகிறது

கேள்வி (போடிநாயக்கனூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1944ஆம் ஆண்டுத் தயாரிப்பான வில்லிஸ் எம்.பி. ஜீப் ஒன்று இருக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளில் ஒன்றாக வாங்கப்பட்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு மூட்டை சுமந்து, பிறகு நெடுங்காலம் கொட்டகையிலேயே நின்றுபோனது. என் பெரியப்பா தம் இளமைக்காலத்தில் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலைக்குச் சென்றுவந்தவர். எண்பது வயதைக் கடந்துவிட்ட அவரை அதே வண்டியில் இன்னொரு முறை மேலே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எஞ்சின் பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான். ஆறு வோல்ட் மின்னமைப்பும் மாற்றப்படவில்லை. வெள்ளோட்டமாகப் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறி இறங்கியபோது நான்கு குறைகள் தெரிந்தன. முதலாவது, கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்ததும் எஞ்சின் இரும ஆரம்பித்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்புகிறது. இரண்டாவது, பிரேக் பெடலை ஒரு முறை மிதித்தால் ஏறத்தாழத் தரைவரை போகிறது, உடனே மறுமுறை மிதித்தால் மேலேயே நின்று பிடிக்கிறது, பிடிக்கும்போது வண்டி இடப்புறம் இழுக்கிறது. மூன்றாவது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது.

நான்காவது குறைதான் எனக்கு அச்சம் தருகிறது. லோ கியரில் போட்டு இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) லீவர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏற்றத்தில் ஒரு முறைகூட இப்படி நடக்கவில்லை. எங்கள் ஊர்ப் பட்டறையில், லீவரைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டலாம் என்கிறார்கள். அது சரியா? இந்த நிலையில் கொழுக்குமலைப் பாதையை நினைத்துப் பார்க்கலாமா, அல்லது வண்டியை முழுவதும் பிரித்தே ஆக வேண்டுமா?

பதில் (கம்பம், பழைய ஜீப்புகளைச் சீரமைப்பவர்)

தம்பி, கயிறு கட்டும் வேலை வேண்டவே வேண்டாம். லீவரைக் கட்டி வைத்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் மேல் இடைவிடாமல் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்; ஏற்கெனவே தேய்ந்திருக்கும் ஃபோர்க் சூடேறி இன்னும் தேயும்; பிறகு கயிறு கட்டியிருக்கும்போதே கியர் கழன்றுபோகும் நிலை வரும், அது நடக்கும் இடம் பெரும்பாலும் செங்குத்தான இறக்கமாகத்தான் இருக்கும்.

ஏற்றத்தில் கழலாமல் இறக்கத்தில் மட்டும் கழல்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே நோய் தெரிகிறது. ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. விசை திரும்பும் அந்தக் கணத்தில், உள்ளே எங்கெல்லாம் ஆட்டம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஷாஃப்டும் கியரும் நகர்கின்றன. பற்கள் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால், அந்தச் சாய்வே கியரை வெளியே தள்ளிவிடும்.

ஆனாலும் பிரிப்பதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தரைத்தகட்டில் லீவர்கள் மேலே வரும் துளையைப் பாருங்கள். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர்கள் அமுங்கிப்போயிருந்தால் முழுத் தொகுதியும் கீழிறங்கி, லீவர் கடைசிவரை போவதற்குள் தகட்டின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். கியர் விழுந்துவிட்டதாக நமக்குத் தோன்றும், உள்ளே பாதிதான் விழுந்திருக்கும். தகட்டைக் கழற்றிவிட்டு லோ கியரில் போட்டுப் பாருங்கள். லீவர் முன்பைவிட அரை விரலாவது கூடுதலாக நகர்ந்தால், ரப்பர்களை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம்.

அதில் தீரவில்லையென்றால், ஷிஃப்டர் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். அவற்றை வெளியிலிருந்தே பிளக்கைத் திறந்து எடுக்கலாம். எண்பது வருட ஸ்பிரிங் குட்டையாகித் துவண்டிருப்பது சாதாரணம். அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையே இன்டர்லாக் என்ற ஒரு சிறு துண்டு இருக்கிறது. முன் அச்சு இணைக்கப்படாமல் லோ கியர் விழாதபடி தடுப்பது அதுதான். சில பட்டறைகளில் லீவர் இலகுவாக விழட்டும் என்று அதை எடுத்துவிடுவார்கள். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்; அது இல்லாமல் லோ கியரின் முழு விசையும் பின் அச்சின் மேல் மட்டும் விழுந்தால் அச்சு தாங்காது.

மூன்றாவதாகத்தான் பிரிக்கும் வேலை. பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் அவுட்புட் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். இடைக் கியரைத் தாங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்டையும் இரு பக்க வாஷர்களையும் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: போர்க்கால ஜீப்பில் அந்த ஷாஃப்ட் முக்கால் அங்குலத் தடிமன்தான். பின்னாளில் வந்த சி.ஜே.3பி போன்ற வண்டிகளுக்கு அது தடித்துவிட்டது. கடைக்காரர் “ஜீப் ஷாஃப்ட் எல்லாம் ஒன்றுதான்” என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பழைய ஷாஃப்டைக் கையோடு கொண்டுபோய் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் அளவு கொடுத்து, கடினப்படுத்திய எஃகில் செய்துகொள்ளலாம்.

கியர் பாக்ஸிலிருந்து ஆயில் மெல்ல டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போய்விடும் பழக்கம் இந்த வண்டிகளுக்கு உண்டு. ஒன்றில் நிறைந்திருக்கிறது என்று மற்றொன்றைப் பார்க்காமல் விடாதீர்கள்.

பதில் (கோயம்புத்தூர், ராணுவ வண்டிப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றி மேலே சொல்லப்பட்டவற்றை முழுமையாக ஏற்கிறேன். மற்ற மூன்றையும் நான் சொல்கிறேன்.

எஞ்சின் நிற்பதற்குப் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது காரணமாக இருக்கலாம், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூட்டில் செயலிழப்பதும் காரணமாக இருக்கலாம். ஊகத்தில் இரண்டையும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி திராட்டிலைக் கையால் ஒரு முறை முழுவதும் திறங்கள். மெல்லிய கம்பிபோலப் பெட்ரோல் பீய்ச்சினால் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது, குறை காயிலிலோ கன்டென்சரிலோ இருக்கிறது. சொட்டுக்கூட வராவிட்டால் பெட்ரோல் வரவில்லை. அப்படியானால் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருங்கள். சூடான மேனிஃபோல்டின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், அந்த வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி அமைப்பதும், இடையில் ஒரு தகடு வைப்பதும்தான். இன்று நாம் போடும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் டயாஃப்ரத்தையும் குழாய்களையும் அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். எத்தனாலைத் தாங்கும் பொருளாக மாற்றுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள டேங்கின் துருவையும் அது கரைத்துக்கொண்டு வரும் என்பதால், ஃபயர்வாலில் இருக்கும் வடிகட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திறந்து பார்ப்பது நல்லது.

பிரேக்கில், முதல் மிதியில் கீழே போய் இரண்டாம் மிதியில் நிற்பது பிரேக் ஷூவுக்கும் அது அழுத்திப் பிடிக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டதைத்தான் பெரும்பாலும் காட்டும். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. விடாமல் மிதித்திருக்கும்போதே பெடல் மெதுவாகக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் கப் போய்விட்டது. இந்த மூன்றையும் வண்டி நிற்கும்போதே சோதித்துவிடலாம். இடப்புறம் இழுக்கிறது என்றால், வலப்பக்க முன் டிரம்மைக் கழற்றுங்கள். ஸ்டியரிங் முட்டிக்குள் இருக்கும் கிரீஸ் சீலைத் தாண்டி வந்து லைனிங்கை நனைத்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். புதிதாக ஒட்டுங்கள்.

அச்சுப் பெட்டியின் மேல் சிறு காற்றுத்துளை மூடி ஒன்று உண்டு. சேற்றில் அடைத்துப்போனால் நீண்ட ஏற்றத்தில் உள்ளே அழுத்தம் கூடி, புதுச் சீலையும் தாண்டி எண்ணெய் பிரேக்குக்கு வந்துவிடும். ஊசியால் சுத்தம் செய்தால் போதும். பிரேக் ஆயில் பழையதென்றால் அது ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் கொதித்துக் காற்றாகும். உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒரு சுற்றுதான்; ஒரு ஹோஸ் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் இல்லை. எல்லா ஹோஸ்களையும் மாற்றுங்கள்.

ஸ்டியரிங் உதறலுக்கு, முன் சக்கரங்கள் திரும்பும் இடத்திலுள்ள கிங் பின் பேரிங்குகளையும், ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்த நடுவில் இருக்கும் பெல் கிராங்கையும் பாருங்கள். கொழுக்குமலையில் யாரும் நாற்பதில் போவதில்லை. ஆனால் பெல் கிராங்க் தளர்ந்திருந்தால் பாறையில் சக்கரம் மோதும்போது ஸ்டியரிங் கையை உதறித் தள்ளிவிடும்.

பதில் (சூரியநெல்லிப் பாதையில் ஜீப் ஓட்டுபவர்)

வணக்கம் அண்ணா. இந்தப் பாதை தனியார் தேயிலைத் தோட்டத்தின் வழியாகப் போகிறது. சொந்த வண்டிக்கு அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே நேரில் விசாரித்துவிட்டு வண்டியைத் தொடுங்கள்.

பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான் தூரம், ஆனால் மேல்பகுதி முழுவதும் உருளும் கல்லும் படிப்படியான பாறையுமாக இருக்கும். உங்கள் வண்டி குட்டையானது. எங்கள் நீள ஜீப்புகள் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டிய வளைவுகளில் அது எளிதாகத் திரும்பிவிடும். சூரிய உதயத்துக்கான வண்டிகள் விடியலுக்கு முன்பே வரிசையாக ஏறும். அந்த நேரத்தில் வராதீர்கள். ஆறு வோல்ட் விளக்கு வெளிச்சத்தில் கல்லையும் பள்ளத்தையும் பிரித்தறிய முடியாது. நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்க இடமிருக்காது. கூட்டம் இறங்கிய பிறகு ஏறுங்கள். மழை பெய்திருந்தால் அன்று வேண்டாம்.

நாங்கள் இறங்கும்போது முதல் கியரில் விட்டுவிட்டு பிரேக்கை அதிகம் தொடமாட்டோம். உங்களுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

பதில் (கம்பம்)

சூரியநெல்லித் தம்பி சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் திருத்த வேண்டும். போர்க்கால வில்லிஸில் முதல் கியர், லோ, அச்சு மூன்றின் விகிதத்தையும் பெருக்கினால் மொத்தம் 25.6தான் வருகிறது, சி.ஜே.3பியில் அது 37. அதாவது எஞ்சின் ஆயிரம் சுற்றில் ஓடும்போது சி.ஜே. மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் குறைவாக இறங்கும், இந்த வண்டி ஐந்தைத் தாண்டிவிடும். எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலிமையும் அதே கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இந்த ஜீப்பில் எஞ்சினோடு கால் பிரேக்கும் இறக்கம் முழுவதும் உழைத்தாக வேண்டும். பிரேக் வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு எஞ்சினை நம்பிப் போகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் இருப்பது ஒரு நன்மை: லோ கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்தாலும் அது பின் சக்கரங்களைப் பிடிக்கும். ஆனால் அதே இடத்து ஆயில் சீல் கசிந்தால் முதலில் நனைவதும் அந்தப் பட்டைதான். டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்கும்போதே சீலையும் பட்டையையும் மாற்றிவிடுங்கள்.

கேட்டவர் (போடிநாயக்கனூர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தரைத்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே விளிம்பில் லீவர் உரசி உரசிப் பளபளவென்று ஒரு பிறை வடிவத் தேய்வு இருந்தது. ரப்பர்களை மாற்றியதும் கழல்வது பெரிதும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பிரித்தபோது இன்டர்மீடியட் ஷாஃப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது, இன்டர்லாக் துண்டு காணவில்லை. இரண்டையும் செய்யக் கொடுத்திருக்கிறேன். வலப்பக்க டிரம் முழுவதும் கிரீஸ். எஞ்சின் நின்றபோது கார்புரேட்டரில் சொட்டுக்கூட வரவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். மேலே குளிராக இருக்கும்போது ரேடியேட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? எல்லாம் முடிந்த பிறகும் இறக்கத்தில் லோ கியர் கழன்றால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

பதில் (கோயம்புத்தூர்)

கவலைப்பட வேண்டும். ஏழாயிரம் அடி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் வாஷர் அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், குளிர்காற்றிலும் வண்டி கொதிக்கும். மெதுவாக ஊர்ந்து ஏறும்போது காற்றோட்டமும் குறைவு. அந்த உயரத்தில் எஞ்சினின் அறுபது குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் கணக்கில் கொண்டு, சுமையைக் குறையுங்கள்.

பதில் (கம்பம்)

இரண்டாவது கேள்விக்கு: உருளும் வண்டியில் லோ கியரை மறுபடி போட முயலவே கூடாது. பற்கள் உரசும், கியர் விழாது, அதற்குள் வேகம் கூடிவிடும். கை ஸ்டியரிங்கில், கால் பிரேக்கில். உடனே ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். மண்மேடு இருக்கும் பக்கம் சக்கரத்தைத் திருப்பி வண்டியை அதில் சாய்த்து நிறுத்துங்கள். இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து வர வேண்டும், சக்கரத்துக்கு அடியில் வைக்க அவர் கையில் மரக்கட்டை இருக்க வேண்டும்; அவர் பாதையின் நடுவில் நடக்காமல் மண்மேட்டுப் பக்கமாகவே நடக்க வேண்டும். கட்டை வைத்த பிறகு முதலில் முன் அச்சு லீவர், அடுத்து லோ, அதற்குப் பிறகு முதல் கியர். இந்த வண்டியின் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இல்லை, ஓடும்போது விழாது. ஆகவே ஒவ்வொரு இறக்கத்தின் தலையிலும் முழுவதும் நிறுத்திப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.

வேலை முடிந்ததும் தோட்டப் பாதை ஏதாவது ஒன்றில், அனுமதி பெற்று, மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்குங்கள். நிறுத்திய உடனே நான்கு டிரம்களிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தாலோ ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தாலோ பிரேக் இன்னும் சரியாகவில்லை. லோ கியர் ஒரு முறைகூடக் கழலாமல் இருந்தால் கொழுக்குமலைக்கு நீங்களும் ஒரு மெக்கானிக்கும் மட்டும் முதலில் போய்வாருங்கள். பெரியப்பாவை அதற்கு அடுத்த முறை அழைத்துச் செல்லுங்கள். ஏறும்போது அவர் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். இறங்குவதற்கு உள்ளூர் ஜீப் ஒன்றைப் பேசி வைத்துவிடுங்கள்.

கேட்டவர் (போடிநாயக்கனூர்)

அப்படியே செய்கிறேன் ஐயா. இறங்குவதற்கு வேறு வண்டி என்றால் பெரியப்பா சம்மதிக்க மாட்டார், அதை நான் பேசிக்கொள்கிறேன். ஷாஃப்ட் லேத்திலிருந்து வந்ததும் ஷிம் அளவுகளை இங்கே எழுதுகிறேன். மூடுவதற்கு முன் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.